விண்கலத்தில் ஒரு டாங்கிச் சக்கரம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது விண்வெளி பற்றிய பதிவு இல்லை. ராக்கெட் விடுவது பற்றியும் இல்லை. சினிமாவில் விண்கலமாக நடித்த மாடல்களைப் பற்றியும், அவற்றை அச்சு அசலாக மறுபடி செய்துகொண்டு உட்கார்ந்திருக்கும் சில பைத்தியங்களைப் பற்றியும். (பைத்தியம் என்று பாசமாகத்தான் சொல்கிறேன்.) இப்போதே கொட்டாவி வருகிறவர்கள் பழைய பதிவுகளில் வேறு ஏதாவது படித்துக்கொள்ளலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

வகுப்பில் இந்தப் பேச்சை எடுத்தாலே இரண்டு கேள்விகள் வரும். ஒன்று, "கம்ப்யூட்டர்ல பண்ற காலத்துல இது எதுக்குடா?" இன்னொன்று, "பொம்மைக்கு இவ்ளோ பில்டப்பா?" முதல் கேள்விக்கு பதில் சுலபம். இரண்டாவதற்குத்தான் இந்தப் பதிவு.

1977இல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்தின் முதல் காட்சி நினைவிருக்கும். ஒரு சின்னக் கப்பல் ஓடுகிறது, தலைக்கு மேல் ஒரு பிரம்மாண்டமான கப்பல் முடிவே இல்லாமல் வந்துகொண்டே இருக்கிறது. அந்தப் பிரம்மாண்டத்தின் நீளம் மூன்றடி. ஓடுகிற "சின்ன" கப்பலின் மாடல் ஆறடிக்கும் மேல். துரத்துகிறவன் துரத்தப்படுகிறவனில் பாதிதான்! காரணம் வேடிக்கையானது. அந்த ஆறடி மாடல் முதலில் கதாநாயகர்களின் கப்பலான மில்லினியம் ஃபால்கனாக இருக்க வேண்டும் என்றுதான் செய்யப்பட்டது. கிட்டத்தட்ட முடிந்த பிறகு, ஸ்பேஸ் 1999 என்ற டிவி தொடரில் வரும் கலம் போலவே இருக்கிறதே என்று ஜார்ஜ் லூகாஸுக்கு நெருடல். அதனால் அதை வேறு கப்பலாக மாற்றிவிட்டு, ஃபால்கனை வட்டமாகப் புதிதாக வடிவமைத்தார்கள். இன்று உலகமே அடையாளம் காணும் அந்த உருவம் கடைசி நேரத்து மாற்று ஏற்பாடு.

இதைச் செய்தவர்கள் லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்தில் வான் நைஸ் என்ற இடத்தில் ஒரு கிடங்கில் வேலை பார்த்த இளைஞர்கள். 1975இல் லூகாஸ் ஆரம்பித்த இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் அதுதான். ஜான் டைக்ஸ்ட்ரா தலைமை, மாடல் பிரிவுக்கு கிராண்ட் மெக்யூன். ஜோ ஜான்ஸ்டன், லோர்ன் பீட்டர்சன், ஸ்டீவ் காலி என்று ஒரு பட்டாளம். நேரமும் இல்லை, பணமும் இல்லை. ஒரு விண்கலத்தின் உடம்பில் இருக்கும் ஆயிரக்கணக்கான குழாய், பெட்டி, மூடி, வால்வு எல்லாவற்றையும் கையால் செதுக்கினால் படம் அடுத்த தலைமுறைக்குத்தான் வரும். அதனால் பொம்மைக் கடைக்குப் போனார்கள். டாமியாவின் ஜெர்மன் டாங்கிகள், ஹசேகாவாவின் லியோபோல்ட் ரயில் பீரங்கி, ரேஸ் கார், போர்க்கப்பல், சாட்டர்ன் ராக்கெட் என்று பிளாஸ்டிக் மாடல் கிட்களை அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக வாங்கி வந்து, பிரித்து, பிடித்த துண்டுகளை மட்டும் எடுத்து ஒட்டினார்கள். இந்த வித்தைக்கு கிட்பேஷிங் என்று பெயர். ஒட்டிய துண்டுகளுக்கு கிரீப்ளி என்று ஒரு செல்லப் பெயர். ஒய்-விங் கலத்தின் எஞ்சின் முன்பக்கத்தில் உருண்டையாக இருக்கிறதே, அது அமெரிக்காவில் பெண்களுக்கான காலுறை அடைத்து விற்ற முட்டை வடிவ பிளாஸ்டிக் டப்பா.

ஆக, நாம் வாயைப் பிளந்து பார்த்த எதிர்காலம் முழுக்க இரண்டாம் உலகப் போரின் பிளாஸ்டிக் சில்லறை. எனக்கு இந்தத் துறையில் பிடித்த முதல் விஷயமே இதுதான்.

இனி நம்ம பைத்தியங்கள். இவர்கள் செய்ய நினைப்பது கடையில் விற்கும் பொம்மை இல்லை. கேமரா முன் நின்ற அந்த மாடல் எந்த அளவோ அதே அளவு. இதை ஸ்டுடியோ ஸ்கேல் என்கிறார்கள். அதே துண்டு, அதே இடம், அதே திசை. டாங்கிச் சக்கரத்தைத் தலைகீழாக வைத்துப் பாதி வெட்டி ஒட்டியிருந்தால் இவர்களும் தலைகீழாக வைத்துப் பாதி வெட்டி ஒட்ட வேண்டும். பிரச்சினை என்னவென்றால், ஒட்டியவர்கள் பட்டியல் எழுதி வைக்கவில்லை. எந்தத் துண்டு எந்தக் கிட்டிலிருந்து வந்தது என்று அவர்களுக்கே முழுதாக நினைவில்லை. சினிமாவில் சில விநாடி வரும் ஒரு சாமானுக்கு யார் கணக்கு வைப்பார்கள்?

அதனால் இது துப்பறியும் வேலை ஆகிவிடுகிறது. ஸ்மித்சோனியன் வான்வெளி அருங்காட்சியகத்தில் 1997 முதல் 1999 வரை ஸ்டார் வார்ஸ் கண்காட்சி நடந்தபோதும், பிறகு 2005இல் பாஸ்டனில் ஆரம்பித்து ஊர் ஊராகப் போன கண்காட்சியிலும், கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று ஒரே மாடலை எல்லாக் கோணத்திலும் படம் எடுத்துத் தள்ளியவர்கள் உண்டு. குடும்பத்தோடு வந்தவர்கள் முகத்தைப் படம் எடுப்பார்கள், இவர்கள் வயிற்றைப் படம் எடுப்பார்கள். வீட்டுக்கு வந்து அந்தப் படத்தில் தெரியும் ஒரு சின்னப் புடைப்பை எடுத்துக்கொண்டு, எழுபதுகளில் விற்ற பழைய கிட்களின் சட்டங்களை ஒவ்வொன்றாகப் புரட்டுவார்கள். ஒரு துண்டைக் கண்டுபிடித்தால் திருவிழா.

இதில் பொறியியல் மாணவர்கள் ரசிக்கும் விஷயம் ஒன்று உண்டு. ஒரு துண்டைக் கண்டுபிடிப்பது என்பது வெறும் பெயர் கண்டுபிடிப்பது இல்லை. அது ஒரு அளவுகோல் கிடைப்பது மாதிரி. படத்தில் தெரியும் சக்கரம் இந்தக் கிட்டின் சக்கரம்தான் என்று உறுதியானால், கிட்டை வாங்கி வெர்னியர் காலிபரால் அளந்துவிடலாம். சக்கரத்தின் விட்டம் தெரிந்தால் பக்கத்தில் இருக்கும் பலகையின் நீளம் தெரியும். அதிலிருந்து அடுத்தது. இப்படி நாலைந்து துண்டு உறுதியானதும் மொத்தக் கலத்தின் நீளமே கணக்கில் வந்து விழும். புகைப்பட லென்ஸ் ஓரங்களை வளைக்கும், கிட்ட இருப்பது பெரிதாகத் தெரியும், அதையெல்லாம் கழிக்க வேண்டும். நாம் சர்வே லேபில் அரைகுறையாகச் செய்துவிட்டு ஓடிவரும் வேலையை இவர்கள் சம்பளம் இல்லாமல் வருடக்கணக்கில் செய்கிறார்கள்.

சரி, இப்போது என் கருத்துக்கு வருகிறேன். "துல்லியமான நகல்" என்று சொல்லும்போது எதற்குத் துல்லியம் என்பதில்தான் சண்டையே. கதையில் வரும் கப்பலுக்கா, மேசை மேல் இருந்த மாடலுக்கா? இந்த இரண்டும் ஒன்றில்லை.

ஸ்டார் ட்ரெக் எண்டர்பிரைஸை எடுத்துக்கொள்ளுங்கள். மேட் ஜெஃப்ரிஸ் வடிவமைத்து, ரிச்சர்ட் டேட்டினும் பர்பாங்க் ஊர் மாடல் பட்டறை ஒன்றும் 1964இல் செய்த பதினோரு அடி மாடல். அதன் வலது பக்கம் ஜொலிக்கும். இடது பக்கம் பார்த்தால் பாவமாக இருக்கும். விளக்குகளுக்கான வயர்கள் அந்தப் பக்கமாகத்தான் உள்ளே போகின்றன, அதனால் அந்தப் பக்கத்தை முழுதாக முடிக்கவே இல்லை. கேமரா அந்தப் பக்கம் போகவே போகாது என்று வைத்துக்கொண்டார்கள். கலம் எதிர்த்திசையில் போக வேண்டுமென்றால் எழுத்துக்களைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி ஒட்டிப் படம் எடுத்து, பிறகு ஃபிலிமைத் திருப்பிப் போட்டார்கள்.

இப்போது நீங்கள் நகல் செய்கிறீர்கள். இடது பக்கத்தை என்ன செய்வீர்கள்?

பெரும்பாலானோர் முடித்துவிடுவார்கள். வலது பக்கத்தைப் பார்த்து அப்படியே இடது பக்கமும். வரவேற்பறையில் வைக்க அழகாக இருக்கும். தப்பே இல்லை, ஆனால் அதை நகல் என்று சொல்லாதீர்கள் என்பது என் கட்சி. அது எண்டர்பிரைஸ் என்ற கற்பனைக் கப்பலின் சிலை. உண்மையில் இருந்தது பாதி முடிந்த ஒரு சாமான், அதன் இடுப்பிலிருந்து வயர் தொங்கிக்கொண்டிருந்தது. டிவி தொடரின் பட்ஜெட், அவசரம், கேமரா எங்கே நிற்கும் என்று தெரிந்த ஒருவரின் கணக்கு எல்லாம் அந்த மொட்டைப் பக்கத்தில்தான் இருக்கிறது. அதைப் பூசி மறைத்தால் செய்தவர்களின் வேலையைத்தான் மறைக்கிறோம்.

"எந்தக் காலத்து மாடல்" என்பது இன்னொரு தலைவலி. எண்டர்பிரைஸ் மாடல் 1974இல் ஸ்மித்சோனியனுக்குப் போனது. அங்கே பல முறை பழுது பார்த்தார்கள். 1991இல் நடந்த ஒரு புதுப்பிப்பில் உடம்பு முழுக்க கட்டம் கட்டமாகக் கோடு போட்டு நிழல் அடித்துவிட்டார்கள், ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். கடைசியில் அருங்காட்சியகம் ஒழுங்காகச் செய்ய முடிவெடுத்து, 2016இல் வேலையை முடித்தது. எந்த நிலைக்குக் கொண்டுவருவது என்பதற்கு அவர்கள் ஒரு மாதத்தையே குறித்தார்கள்: ஆகஸ்ட் 1967. அந்த மாதத்துக்குப் பிறகு படப்பிடிப்புக்காக மாடலில் மாற்றம் எதுவும் செய்யவில்லை என்பதுதான் காரணம். தட்டு போன்ற முன்பகுதியின் மேல்பக்கத்தில் மட்டும் பழைய பெயிண்ட் தொடப்படாமல் இருந்தது. அதைத் தொடாமல் வைத்துக்கொண்டு, மற்ற இடங்களுக்கு அதைப் பார்த்தே நிறம் சேர்த்தார்கள். பொதுமக்களிடம், உங்களிடம் பழைய புகைப்படம் இருக்கிறதா என்று கேட்டார்கள். 1972இல் கலிபோர்னியாவில் கோல்டன் வெஸ்ட் கல்லூரியில் இந்த மாடலைக் காட்சிக்கு வைத்திருந்தார்கள். அங்கே யாரோ போகிற போக்கில் எடுத்த படம்கூட ஆவணம் ஆகிவிடும் நிலை. கவனியுங்கள், தேசிய அருங்காட்சியகம் ரசிகர்களிடம் கை நீட்டுகிறது. "வெட்டி வேலை" என்று நாம் சொல்வதை.

ஃபால்கனுக்கும் இதே கதை. 1977 படத்துக்குச் செய்த ஐந்தடி மாடலில் தரையிறங்கும் கால்கள் மூன்று. 1980 படத்துக்கு முன்பக்கம் இரண்டு சேர்த்து ஐந்தாக்கினார்கள், அதே மாடலை வெட்டி ஒட்டி. அப்படியென்றால் 1977இன் ஃபால்கன் இன்று உலகில் எங்கும் இல்லை, லூகாஸின் சேமிப்பில்கூட. யாராவது ரசிகர் மூன்று கால் வைத்துச் செய்யும் நகல்தான் அதற்கு இருக்கும் ஒரே உடம்பு. 1980 படத்துக்குத் தனியாகச் செய்த முப்பத்திரண்டு அங்குல மாடல் வேறு இருக்கிறது, 2015 வாக்கில் வாராவாரம் துண்டு துண்டாக விற்றார்களே, நூறு இதழ்கள், அது இந்தச் சின்ன ஃபால்கனின் அளவு. 2017இல் பண்டாய் விட்ட பெரிய கிட்டில் இன்னொரு கூத்து. மற்ற கம்பெனிகளின் கிட்டிலிருந்து எடுத்து ஒட்டிய துண்டுகளை எல்லாம் பண்டாய்க்காரர்கள் பார்த்துப் பார்த்துத் தங்கள் அச்சிலேயே வடித்திருந்தார்கள். டாங்கிக்காக ஒருவர் வடிவமைத்தது, அதை விண்கலத்தில் ஒட்டியது இன்னொருவர், அந்த விண்கலத்தைப் பார்த்து மறுபடி அச்செடுத்தது மூன்றாமவர்.

ஸ்டுடியோக்கள் இந்த மாடல்களை எப்படி வைத்துக்கொண்டன என்று பார்த்தால்தான் எனக்கு ஏன் இவ்வளவு சூடு ஏறுகிறது என்று புரியும். 2001 எ ஸ்பேஸ் ஒடிசி படத்தின் டிஸ்கவரி மாடல் ஐம்பத்து நாலு அடி நீளம். இன்று இல்லை. அந்தப் படத்தின் மாடல்கள் வேறு படத்தில் வந்துவிடக் கூடாது என்று அழிக்கப்பட்டதாகவே சொல்வார்கள். தப்பிப் பிழைத்தது ஏரிஸ் என்ற உருண்டைக் கலம். 2015இல் ஏலத்துக்கு வந்தபோது ஆஸ்கார் கொடுக்கும் அகாடமி 3,44,000 டாலருக்கு வாங்கிக்கொண்டது. ஏலியன் படத்தின் நொஸ்ட்ரோமோ ஒரு சேகரிப்பாளர் வீட்டு வாசலில் பல வருடம் வெயிலிலும் மழையிலும் கிடந்து இற்றுப்போய், பிறகு எடுத்துச் செப்பனிடப்பட்டது. (அந்த மாடலுக்கு முதலில் மஞ்சள் பெயிண்ட் அடித்திருந்தார்கள், ரிட்லி ஸ்காட் வந்து சாம்பல் நிறமாக மாற்றச் சொன்னார். நகல் செய்கிறவர் அடியில் ஒரு கோட் மஞ்சள் அடிக்க வேண்டுமா? நானாக இருந்தால் அடிப்பேன்.) எண்டர்பிரைஸின் மூன்றடி மாடல் எழுபதுகளின் கடைசியில் யாருக்கோ இரவல் போய்க் காணாமல் போனது. 2023இல் இணைய ஏலத்தில் தலை காட்டி, 2024இல்தான் ராடன்பெரி குடும்பத்துக்குத் திரும்பியது.

இந்த வரிசையில் கிரெக் ஜைன் என்ற பெயரைச் சொல்லாமல் விட முடியாது. 1977இல் வந்த குளோஸ் என்கவுண்டர்ஸ் படத்தின் தாய்க்கலத்தைச் செய்த குழுவின் முக்கியமான கை அவருடையது. அந்த மாடல் ஸ்மித்சோனியனில் இருக்கிறது. உற்றுப் பார்த்தால் அதன் மேல் ஒரு தபால் பெட்டி, ஒரு ஃபோக்ஸ்வேகன் வண்டி, ஒரு ஆர்2டி2, ஒரு குட்டி சுறா எல்லாம் ஒட்டியிருக்கும். படத்தில் கண்ணுக்கே தெரியாது, செய்தவர்களின் குறும்பு. 1996இல் ஸ்டார் ட்ரெக்கின் முப்பதாவது ஆண்டுக்காக டீப் ஸ்பேஸ் நைன் தொடர் பழைய எண்டர்பிரைஸுக்குத் திரும்பிப் போகும் ஒரு கதை எடுத்தது. அதற்கு பதினோரு அடி மாடலைப் பார்த்துச் சரியாகப் பாதி அளவில் ஒன்றைச் செய்து கொடுத்தவர் இதே ஜைன். நகல் திரையில் ஏறி அசலாகிவிட்டது! அவர் 2022இல் இறந்தார். வீட்டுச் சேகரிப்பைப் பிரித்தபோது ஒரு அட்டைப்பெட்டிக்குள், பேக்கிங் தெர்மோகோல் துண்டுகளுக்கு நடுவே, ஸ்டார் வார்ஸில் பறந்த ஒரு எக்ஸ்-விங் இருந்தது. அக்டோபர் 2023இல் 31 லட்சத்து 35 ஆயிரம் டாலருக்கு ஏலம் போனது.

இந்தத் தொகையைக் கேட்டதும் வகுப்பில் சத்தம் அடங்கியது. எனக்கு அது பிடிக்கவில்லை. ஒரு சாமானுக்கு விலை ஏறிய பிறகுதான் அதன்மேல் மரியாதை வருகிறதென்றால், அந்த எக்ஸ்-விங்கில் எந்தத் துண்டு எங்கிருந்து வந்தது என்று பல வருடம் முன்பே ஓசியில் தேடி எழுதி வைத்தவர்களுக்கு என்ன மரியாதை? பெட்டியில் இருப்பது அசல்தான் என்று படத்தோடு ஒப்பிட்டுச் சொல்ல முடிவதற்கே, கீறல் வரை, பெயிண்ட் சொட்டு வரை யாராவது அக்கறை எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். நகல்காரனின் கண்ணும் அதே கண்தான்.

எல்லாவற்றையும் புகழ்ந்துவிட்டுப் போக மனமில்லை. இந்தக் கூட்டத்தில் எனக்கு ஒத்துவராத விஷயங்களும் இருக்கின்றன. முதலாவது, ஒரு கட்டை விரல் நகம் அளவு துண்டுக்காக ஐம்பது வருடப் பழைய கிட்டை வாங்கி, அதை எடுத்துக்கொண்டு மீதியைத் தூக்கிப் போடுவது. இன்று அவ்வளவு மிச்சம் இல்லை. ஸ்டுடியோக்கள் மாடல்களை அழித்ததற்குத் திட்டும் நாம், வேறொரு பட்டறையின் பழைய வேலையை அதே மாதிரி அழித்தால் எப்படி? ஒருவர் வாங்கி, சிலிகான் ரப்பரில் அச்செடுத்து, ரெசினில் வார்த்துப் பத்துப் பேர் பகிர்ந்துகொண்டால் போதும். அப்படிச் செய்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பது ஆறுதல்.

ஆனால் அதே ரப்பர் அச்சுதான் திருட்டுக்கும் கருவி. ஒருவர் மூன்று வருடம் உழைத்துச் செய்த கலத்தின் வார்ப்பை ஒன்று வாங்கி, அதன் மேல் மறுபடி அச்செடுத்து, பாதி விலைக்கு விற்கிறவர்கள் உண்டு. "நீங்களே லூகாஸ் கம்பெனியைக் காப்பி அடிக்கிறீர்கள், உங்களைக் காப்பி அடித்தால் மட்டும் வலிக்கிறதா?" என்பது அவர்கள் வாதம். கேட்க நியாயம் போலத்தான் இருக்கும். கப்பலின் உருவம் கம்பெனியுடையதுதான், அதை விற்கும் உரிமையும் அவர்களுடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் அளந்தது, தேடியது, தப்பாகி மறுபடி செய்தது எல்லாம் அந்த மூன்று வருடக்காரர். தனக்கென்று ஒன்று செய்துகொள்வதற்கும், இன்னொருவர் உழைப்பில் கடை போடுவதற்கும் வித்தியாசம் இல்லையென்று சொல்கிறவரிடம் லேப் ரெக்கார்டைக் கடன் கொடுக்காதீர்கள். :-) போதாக்குறைக்கு ரெசின் இறுகும்போது கொஞ்சம் சுருங்கும். வார்ப்பிலிருந்து வார்ப்பு எடுத்தால் ஒவ்வொரு தடவையும் அளவு குறையும், விளிம்பு மழுங்கும். திருட்டுச் சரக்கை அளந்து பார்த்தாலே கண்டுபிடித்துவிடலாம் என்பது இயற்கை கொடுத்த தண்டனை.

முதல் கேள்வியை விட்டுவிட்டேன், கம்ப்யூட்டர். 2009இல் வந்த மூன் படத்துக்கு மாடல்தான், செய்த குழுவை நடத்தியவர் ஏலியனில் வேலை பார்த்த பில் பியர்சன். 2014இல் இண்டர்ஸ்டெல்லாரின் எண்டியூரன்ஸ் கலத்தை பதினைந்தில் ஒரு பங்கு அளவில் செய்தார்கள், அதுவே இருபத்தைந்து அடி. 2019இல் மாண்டலோரியன் தொடருக்கு ரேஸர் கிரெஸ்டின் மாடலை ஜான் குட்சன் செய்ய, அதைப் படம் எடுக்கும் கேமரா இயந்திரத்தை ஜான் நோல் தன் வீட்டு கராஜில் கட்டினார். வெளிச்சம் ஒரு பொருளின் மேல் விழுந்தால் எப்படித் தெரியும் என்று கணக்குப் போடுவதைவிட, பொருளை வைத்து விளக்கைப் போட்டுவிடுவது சில நேரம் சுலபம். பதில் அவ்வளவுதான்.

கடைசியாக, இதைப் படித்துவிட்டு ஆசை வந்து ஆரம்பிக்கப் போகிறவர்களுக்கு ஒன்று. ஃபால்கனில் ஆரம்பிக்காதீர்கள், குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துவிடும். ஒரு எக்ஸ்-விங் போதும், ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூட. பிளாஸ்டிக் ஷீட், கத்தி, உப்புத்தாள், பொறுமை. எந்த எக்ஸ்-விங், சிவப்பு ஒன்றா, இரண்டா, மூன்றா என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள், ஒவ்வொன்றின் கீறலும் வேறு. அந்தச் சிவப்புக் கோடுகளே முதலில் நீலமாக இருந்திருக்க வேண்டியவை. நீலத் திரைக்கு முன்னால் வைத்துப் படம் எடுத்தால் நீலக் கோடு மறைந்துபோகும் என்பதால் மாற்றினார்கள்.